கடி சரிசெய்த ஜிர்கோனியா கிரவுன் மங்கிப்போனால் என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். கீழ் இடது முதல் கடைவாய்ப் பல்லுக்கு, அதாவது 36-க்கு, முழு ஜிர்கோனியா கிரவுன், அதாவது கடினமான வெள்ளைச் செராமிக்கால் ஆன பல் கவசம், ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டிய பிறகு கடி உயரமாக இருந்ததால் பச்சை வளையம் போட்ட டைமண்ட் பர்ரால், அதாவது வைரத்துகள் பதித்த சுழல் முனையால், தேய்த்திருக்கிறீர்கள். பிறகு காம்போசிட்டுக்கு (பல் நிற ரெசின் அடைப்புக்கு) வைத்திருந்த ரப்பர் பாயிண்டைப் போட்டுப் பார்த்தும் அந்த இடம் சுண்ணாம்பு தடவியது போலவே நிற்கிறது. கழற்றி லேபுக்கு அனுப்பி மறுபடி க்ளேஸ் செய்யவேண்டுமா, அப்படியே விட்டால் தவறா என்பது உங்கள் கேள்வி. பளபளப்பு போனதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. என்னைக் கேட்டால், அதன்மேல் கடிக்கும் எதிர்ப்பல்லான 26-ஐ, அதாவது மேல் இடது முதல் கடைவாய்ப் பல்லைப் பற்றித்தான் முதலில் கவலைப்படவேண்டும். கழற்ற வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். வாய்க்குள்ளேயே சரிசெய்துவிடலாம். ஆனால் கையில் இருக்கும் காம்போசிட் ரப்பரால் அது நடக்காது.

கழற்றும் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுவோம். நிரந்தர செமென்ட் போட்ட ஜிர்கோனியா கிரவுன் பெரும்பாலும் முழுதாகக் கையில் வராது. வெட்டித்தான் எடுக்கவேண்டும், எடுத்தால் புதிது செய்யவேண்டும். தற்காலிக செமென்டில் இருந்தால் கழற்றலாம்தான். ஆனால் க்ளேஸ் என்பது சில பத்து மைக்ரான் கனமுள்ள கண்ணாடிப் படலம். எதிர்ப்பல் உரசும் இடத்தில் அது காலப்போக்கில் தேய்ந்தே போகும். போன பிறகு அடியில் எது வெளிப்படுகிறது என்பதுதான் முக்கியம். லேபில் பாலிஷ் செய்யாமல் மேலே க்ளேஸை மட்டும் பூசி அனுப்பியிருந்தால், பர்ரே படாத கிரவுனில்கூட ஒருநாள் சொரசொரப்பான ஜிர்கோனியா வெளியே வரும். அதனால் இனி லேபுக்கு எழுதும் சீட்டில் 'கடி படும் இடங்களைப் பாலிஷ் செய்து அதன்மேல் க்ளேஸ்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஜிர்கோனியா கடினமானது, அதனால் எதிர்ப்பல்லைத் தின்றுவிடும் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கடினம் உண்மை: விக்கர்ஸ் அளவில் ஜிர்கோனியா ஏறக்குறைய 1,200-க்கு மேல், எனாமல் 300 முதல் 350 சொச்சம். ஆனால் தேய்மானத்தைத் தீர்மானிப்பது கடினத்தைவிடச் சொரசொரப்புதான். ஆய்வகத் தேய்மானச் சோதனைகளில் ஓரளவு ஒரே குரலில் வரும் முடிவு இது: நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா எனாமலைக் குறைவாகத் தேய்க்கிறது, க்ளேஸ் செய்தது அதைவிட அதிகம் தேய்க்கிறது, பர்ரால் தேய்த்து அப்படியே விட்டது மோசம். ஜிர்கோனியாவைவிடப் பாதிகூடக் கடினமில்லாத ஃபெல்ட்ஸ்பார் போர்சலின்தான் எதிர்ப்பல்லை அதிகம் அரிக்கிறது. காரணம், அது உரசும்போது பொடிப்பொடியாகச் சிதைந்து தானே சொரசொரப்பாகிக்கொண்டே போகும். வழவழப்பாக்கிய ஜிர்கோனியாவோ அந்த வழவழப்பை இழக்காது. அதே காரணத்தால், சொரசொரப்பாக விட்டால் அது தானாக ஒருநாளும் வழவழப்பாகாது. அரம் போல 26-ஐ ராவிக்கொண்டேயிருக்கும்.

உங்கள் கிரவுனில் நடந்தது என்ன? பச்சை வளையத்தில் டைமண்ட் துகள் சுமார் 125 முதல் 150 மைக்ரான். பல்லை வெட்ட அது சரி; ஒட்டிய கிரவுனில் கடி சரிசெய்ய அதைத் தொடவே கூடாது. அது போட்ட கீறல்கள் ஆழமானவை. காம்போசிட் ரப்பரில் இருக்கும் அலுமினாவும் சிலிக்கான் கார்பைடும் ரெசினைத் தேய்க்கும் கணக்கில் அமைந்தவை. ஜிர்கோனியாவில் அவை மேடுகளின் நுனியை மட்டும் கொஞ்சம் வழித்துவிட்டு நின்றுவிடும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். நீங்கள் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் சூடுதான் ஏறும். ஜிர்கோனியாவுக்கு டைமண்ட் துகள் பொதிந்த ரப்பர்தான் வேண்டும். ஒவ்வொரு படியின் வேலையும் முந்தைய படி போட்ட கீறலை அழிப்பது மட்டுமே. பச்சை வளையத்திலிருந்து நேராக ரப்பருக்குத் தாவினால் எந்த கிட்டும் தோற்கும், விலையுயர்ந்த கிட்டும்கூட.

ஆகவே மறுபடி பர்ரிலிருந்து ஆரம்பியுங்கள். சிவப்பு வளையம், அதாவது சுமார் 30 முதல் 50 மைக்ரான், புதியதாக ஒன்று. முட்டை போல நீண்ட 'ஃபுட்பால்' வடிவம் குழிகளுக்கும் சரிவுகளுக்கும் தோதானது. ஏரோட்டரில் (காற்றில் ஓடும் அதிவேகக் கைக்கருவியில்) தண்ணீர் முழுதாகத் திறந்திருக்கவேண்டும். பர் கிரவுனில் நிற்கக் கூடாது, தூரிகை தடவுவது போல நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். தண்ணீர் சரியாகப் படாத இடத்தில் ஜிர்கோனியா பொறி தட்டும். பொறியைக் கண்டால் அங்கே வெப்பம் குவிந்துவிட்டது என்று பொருள். ஜிர்கோனியா வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் சூடு தொட்ட இடத்திலேயே தங்கி நுண்விரிசலை விடும். பச்சை வளையக் கோடுகள் மறைந்து, மேற்பரப்பு முழுக்க ஒரே மாதிரி மெல்லிய மங்கலாகத் தெரியும்வரை சிவப்பு. பிறகு மஞ்சள் வளையம், சுமார் 25 மைக்ரான், சில நொடிகள் போதும். மஞ்சள் இல்லையென்றால் சிவப்போடு நிறுத்தி ரப்பரின் முதல் படியில் கூடுதல் நேரம் செலவழிக்கலாம். இந்த வேலையில் எதிர்ப்பல்லோடு உள்ள தொடர்பு கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏற்கெனவே கடி சரியாகிவிட்டதென்றால், கடித்துப் பார்க்கும் மைக் காகிதத்தின் குறி விழுந்த புள்ளிகளைச் சுற்றி மட்டும் பர்ரை ஓட்டி, புள்ளியின் மேல் ரப்பரை மட்டும் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

அடுத்தது ரப்பர். ஜிர்கோனியாவுக்கென்று சொல்லி விற்கும் டைமண்ட் ரப்பர்கள் இரண்டு படி அல்லது மூன்று படியாக வரும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: பர்ரின் வளைய நிறங்களுக்குப் பொதுவான ஒழுங்கு உண்டு, ரப்பரின் நிறங்களுக்கு இல்லை. ஒரு கம்பெனியின் சாம்பல் நிறம் முதல் படி, இன்னொன்றின் சாம்பல் கடைசிப் படி. இரண்டு கிட்டுகளைக் கலந்து ஒரே டப்பாவில் போட்டு வைக்கும் கிளினிக்குகளில் படி தலைகீழாகப் போவது சகஜம். கண்ணாடி கலந்த இன்னொரு கிரவுன் பொருளான லிதியம் டைசிலிகேட்டுக்கான ரப்பரும் ஜிர்கோனியா ரப்பரும்கூட வெவ்வேறு, பெட்டியிலேயே வையுங்கள். வடிவத்தைப் பொறுத்தவரை சரிவுகளுக்குச் சக்கரம், முகடுகளுக்குக் கிண்ணம், குழிகளுக்கு முனை. குழியின் அடிதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். அங்கே முனை மழுங்கிய ரப்பர் போய்ச் சேராது. கூராக்கும் கல்லில் சுற்றவிட்டு முனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இறகு போல விரியும் சுருள் சக்கரம் கிடைத்தால் குழிக்கு அதைவிட நல்லது இல்லை.

வேகம் நிமிடத்துக்கு 7,000 முதல் 12,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையில் வேறு எண் போட்டிருந்தால் அதுவே சட்டம். 35,000 சுற்று மைக்ரோமோட்டரில் இது குமிழின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை. ஏர்மோட்டரில் நீல வளைய காண்ட்ரா ஆங்கிள் (வளைந்த தலையுள்ள கைப்பிடி) போட்டு முழுக்காற்றையும் திறந்தால் 20,000-ஐ எட்டிவிடும், ஆகவே குறைக்கவேண்டும். ஏரோட்டரில் மாட்டும்படி 1.6 மி.மீ. தண்டோடு வரும் பாலிஷர்களை வாங்கி, ஏரோட்டரின் மூன்று லட்சம் சுற்றில் ஓட்டுபவர்கள் உண்டு. ரப்பர் கருகி நாற்றம் வரும், சிலசமயம் துண்டாகித் தொண்டைக்குள் பறக்கும். 2.35 மி.மீ. தண்டுள்ளதை வாங்கி காண்ட்ரா ஆங்கிளில் மாட்டுவதுதான் முறை. அழுத்தம் 100 முதல் 200 கிராம் எடை அளவு. கைக்கு அது எவ்வளவு என்று தெரிய, சுற்றாத ரப்பரைச் சமையல் தராசின் மேல் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் முதல் தடவை அதைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்துவார்கள். அதிகம் அழுத்தினால் டைமண்ட் வெட்டாது, ரப்பர்தான் தேயும்.

ஒவ்வொரு பரப்புக்கும் முதல் படியில் 30 முதல் 60 நொடி, அடுத்த படியிலும் அதே அளவு. கடைவாய்ப் பல்லில் எல்லாம் சேர்த்து நான்கைந்து நிமிடம் பிடிக்கும். பத்து நொடியில் பளபளப்பு வந்துவிட்டால் சந்தேகப்படுங்கள், கீறலின் மேல் மினுக்கம் ஏறியிருக்கிறது. படிகளுக்கு நடுவே தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஈரத் துணியால் துடையுங்கள். முதல் படியின் பருத்த துகள் ஒன்று தங்கினாலும் அடுத்த ரப்பர் அதை இழுத்துக்கொண்டு புதுக் கோடு போடும். கடைசியில் 1 முதல் 3 மைக்ரான் டைமண்ட் பேஸ்ட்டை ஆட்டுமயிர் தூரிகையிலோ ஃபெல்ட்டிலோ வைத்து, தண்ணீர் இல்லாமல், குறைந்த வேகத்தில் அரை நிமிடம். பேஸ்ட் ரப்பருக்கு மாற்று அல்ல. ரப்பர் வேலை சரியாக முடிந்திருந்தால்தான் அதற்கு வேலை. பியூமிஸ் எதற்கும் உதவாது, ஜிர்கோனியாவுக்கு முன் அது மாவு.

36 உயிருள்ள பல் என்றால் சூடு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 1965-இல் ஜாக், கோஹன் என்ற இருவர் குரங்குப் பற்களில் செய்த சோதனையில், பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது சுமார் 15 சதவீதப் பற்களில் கூழ் மீளவில்லை. மனிதப் பல்லுக்கு அந்த எண் அப்படியே பொருந்துமா என்ற விவாதம் இருந்தாலும், எச்சரிக்கை வரம்பாக இன்றும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறோம். கிரவுன் மெலிதாக இருக்கும் இடத்தில் உலர்ந்த ரப்பரை ஒரே இடத்தில் வைத்துச் சுற்றாதீர்கள். ஐந்தாறு நொடி தொட்டு, எடுத்து, காற்றோ தண்ணீரோ காட்டி, மறுபடி. உறையில் தண்ணீரோடு பயன்படுத்தலாம் என்றிருந்தால் தண்ணீரோடுதான். உறிஞ்சியைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், மாஸ்க்கும் கண்ணாடியும் கழற்றாதீர்கள். பறப்பது செராமிக் தூளும் டைமண்ட் துகளும்.

முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஆய்வுகளில் சொல்லும் அளவு சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரான். பெல்ஜியத்தின் லூவன் குழு 1997-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, அதற்குக் கீழே போனால் பாக்டீரியாப் படிவு மேற்கொண்டு குறைவதில்லை என்று சொன்னது. கிளினிக்கில் அதை அளக்கும் கருவி கிடையாது, ஆகவே கண்ணையும் கையையும் நம்பவேண்டும். காற்றடித்து நன்றாக உலர்த்திவிட்டு விளக்கைச் சாய்வாகத் திருப்புங்கள். ஈரம் இருந்தால் எந்தக் கிரவுனும் பளபளக்கும். 2.5 மடங்கு லூப் போட்டுப் பாருங்கள். பிறகு எஃகுப் புரோபின் நுனியை லேசாக இழுங்கள்: சொரசொரப்பு மிச்சமிருந்தால் உலோகம் உரசிச் சாம்பல் நிறக் கோடு விழும், வழவழப்பான இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கோடு விழுந்தால் பேஸ்ட்டுக்குத் திரும்பிப் பயனில்லை, முதல் ரப்பருக்கு, சிலசமயம் சிவப்பு வளையத்துக்கே திரும்பவேண்டும். நோயாளியின் நாக்கும் நல்ல கருவி, அரை மைக்ரானுக்குக் கீழான வேறுபாட்டையும் அது உணரும். ஆனால் குழியின் அடிக்கு நாக்கு போகாது.

பாலிஷைவிட முக்கியமானது, அடுத்தமுறை இவ்வளவு தேய்க்கவேண்டிய நிலை வராமல் பார்ப்பது. கிரவுன் ஏன் உயர்ந்தது என்று கேட்காமல் பர்ரை எடுக்கக் கூடாது. பக்கத்துப் பல்லோடு தொடும் இடம் இறுக்கமாக இருந்து கிரவுன் முழுதாக உட்காராமல் நின்றிருக்கலாம், அல்லது செமென்ட் கெட்டியாகி உயர்த்தியிருக்கலாம். அப்போது மேலே தேய்த்துக் கடியைச் சரியாக்கினாலும் ஓரத்தில் இடைவெளி திறந்தே இருக்கும். ஒரு பைட்விங் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். ஒட்டுவதற்கு முன் பார்க்கும்போது வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் பக்கத் தொடர்பு, பிறகு ஓரம், கடைசியில் கடி. பக்கத் தொடர்பைத் தேய்த்தால் அதையும் பாலிஷ் செய்யவேண்டும், பாலிஷ் இன்னும் சில மைக்ரானை எடுத்துவிடும். எனவே ஃப்ளாஸ் சற்று இறுக்கமாகப் போகும் நிலையிலேயே பர்ரை நிறுத்துங்கள். பர்ரிலேயே 'சரியாக' வந்துவிட்டதென்று நிறுத்திப் பாலிஷ் செய்தால், மறுவாரம் 'சாப்பாடு சிக்குது டாக்டர்' என்று வந்து நிற்பார்கள்.

குறி எடுப்பதிலும் நிறைய வீணாகிறது. 200 மைக்ரான் காகிதம் தொடாத இடத்திலும் மை ஒட்டும். அதை நம்பித் தேய்த்தால் தேவையில்லாத இடமும் போகும். முதலில் 40 மைக்ரான் காகிதம், கடைசியில் 12 அல்லது 8 மைக்ரான் ஃபாயில். பளபளப்பான ஜிர்கோனியாவில் மை பிடிக்கவில்லையென்றால் எதிர்ப்பல்லையும் சேர்த்து உலர்த்துங்கள், காகிதத்தில் வாசலின் மெலிதாகத் தடவிப் பாருங்கள். நடுவில் வெளிறி ஓரம் கருத்த வளையமாக விழும் குறியின் நடுப்பகுதிதான் உண்மையான உயரம், பெரிய கருத்த திட்டு அல்ல. மரத்துப்போன வாயோடு கடிக்கச் சொன்னால் பலர் தவறான இடத்தில் கடிப்பார்கள். ஊசி போட்டிருந்தால் கடைசிச் சரிபார்ப்பை மறுநாளுக்கு வைப்பது நல்லது. இம்ப்ளாண்ட் கிரவுன் என்றால் கணக்கு வேறு: பல்லை எலும்போடு பிணைத்து மெத்தைபோல் தாங்கும் நார் அதற்கு இல்லாததால், லேசாகக் கடிக்கும்போது 8 மைக்ரான் ஃபாயில் உருவிக்கொண்டு வரவேண்டும், இறுக்கிக் கடித்தால் மட்டும் பிடிக்கவேண்டும்.

எவ்வளவு தேய்க்கலாம் என்பதற்கு ஒட்டுவதற்கு முன்பே விடை வேண்டும். கனமானியால் குழியின் அடியை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். ஒட்டிய பிறகு அளக்க வழியில்லை. முழு ஜிர்கோனியாவுக்குப் பொதுவாகச் சொல்லும் குறைந்தபட்சம் 0.5 முதல் 1 மி.மீ., பொருளின் வகையைப் பொறுத்து. கடைவாயில் 0.7-க்குக் கீழே போக எனக்கு மனம் வராது. அந்த எல்லைக்கு வந்தும் கடி உயரமாக இருந்தால், நோயாளியிடம் சொல்லி ஒப்புதல் பெற்று எதிர்ப்பல்லின் முகட்டைக் கொஞ்சம் வட்டமாக்குவது, அல்லது புதிது செய்வது. உங்கள் 36-இல் எவ்வளவு மிச்சம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. லேப் டிசைன் கோப்பை வைத்திருந்தால் அதிலிருந்து குத்துமதிப்பாகக் கணக்கிடலாம்.

மேலே சொன்னது பழைய, வலுவான 3ஒய் வகை (இட்ரியா குறைவாகக் கலந்த) ஜிர்கோனியாவுக்கு. கண்ணாடி போல ஒளி ஊடுருவும், இட்ரியா அதிகம் கலந்த 5ஒய் வகையில், தேய்க்கும்போது விரிசலை அடைத்துக்கொள்ளும் இயல்பு ஏறக்குறைய இல்லை, வலிமையும் குறைவு. அதில் சிவப்பு வளையத்தைவிடப் பருத்த பர்ரைத் தொடவே வேண்டாம். லிதியம் டைசிலிகேட் கிரவுனையோ ஒன்லேயையோ ஒட்டுவதற்கு முன் கடிக்கச் சொல்லாதீர்கள், ஒட்டி ரெசின் இறுகியபின் கடி பாருங்கள். அதில் வேலை எளிது, கண்ணாடிப் பகுதி இருப்பதால் பளபளப்பு சீக்கிரம் வரும். லேப் மேலே பூசிய ஸ்டெயின் நிறம் க்ளேஸோடு போய்விடும் என்பதையும் முன்பற்களில் நோயாளிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உலோகத்தின் மேல் போர்சலின் போட்ட பழைய கிரவுனில் தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தால் அது ஓபேக் அடுக்கு, அதாவது உலோகத்தின் நிறத்தை மறைக்கப் பூசியது. அதை எந்த ரப்பராலும் பாலிஷ் செய்ய முடியாது, எதிர்ப்பல்லை மிக மோசமாக அரிக்கும். அங்கே மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. தேய்க்கும்போது 3ஒய் ஜிர்கோனியாவின் படிகங்கள் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி 4 சதவீதம் அளவு பருக்கும். மேற்பரப்பில் அமுக்கம் உண்டாகி விரிசலைப் பிடித்து நிறுத்தும். இதை வைத்து 'தேய்த்தால் வலிமை கூடும்' என்று சொல்பவர்கள் உண்டு. சில சோதனைகளில் கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது. கீறலின் ஆழம் அந்த அமுக்க அடுக்கைத் தாண்டியதா என்பதைப் பொறுத்து அது மாறும். பல ஆண்டுகள் எச்சிலில் ஊறிய பிறகு என்ன என்பதில் கருத்து ஒன்றாகவில்லை. அதேபோல, பாலிஷ் செய்தது க்ளேஸைவிட எதிர்ப்பல்லுக்கு நல்லது என்பது ஆய்வகத்தில் தெளிவு, வாய்க்குள் அளந்த ஆய்வுகளில் அவ்வளவு தெளிவில்லை. பல்லை நறநறவென்று கடிப்பவர்களை அவை பெரும்பாலும் சேர்ப்பதில்லை. உங்கள் நோயாளி அப்படிப்பட்டவர் என்றால் பாலிஷோடு நிறுத்தாமல் இரவில் போட ஒரு நைட் கார்ட் செய்து கொடுங்கள்.

செய்துமுடித்த பின் 26-ஐ ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் வரும்போது அதன் முகடுகளில் புதிதாகத் தட்டையான பளபளப்புத் திட்டு தெரிந்தால் குழியில் எங்கோ சொரசொரப்பு மிச்சமிருக்கிறது. பல் சுத்தம் செய்பவரிடம் அல்ட்ராசானிக் நுனியைக் கிரவுன் ஓரத்தில் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஃப்ளூரைடு ஜெல் வைப்பதானால் 1.23 சதவீத அமிலப் பாஸ்பேட் வகை வேண்டாம். ஜிர்கோனியாவை அது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் அதே வாயில் இருக்கும் லிதியம் டைசிலிகேட்டையும் போர்சலினையும் க்ளேஸையும் அரித்து மங்கலாக்கிவிடும். நடுநிலை சோடியம் ஃப்ளூரைடு போதும்.